பிலிப்ஸ் கவுண்டிக்கு வரும் விவசாய மானியம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: மெம்ஃபிஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் மெம்ஃபிஸ் நகரில் வசிக்கிறேன். வேலை நிமித்தமாக, மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஆர்கன்சா மாநிலத்தின் பிலிப்ஸ் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அவ்வப்போது போய்வருகிறேன். அதன் தலைமையிடமான ஹெலினாவில், ஒரு காலத்தில் பருத்தி வணிகத்தால் செழித்திருந்த செர்ரி வீதியில், இன்று பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. 1950-ல் 46,254 பேர் வாழ்ந்த கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 16,568 பேர்தான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்கிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. லேசர் கருவி வைத்துச் சமன் செய்த வயல்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கின்றன. சோயா, நெல், பருத்தி, மக்காச்சோளம் என்று எதற்கும் குறைவில்லை.

வேளாண் மானியங்களைத் தொகுத்து வெளியிடும் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் அமைப்பின் தரவுத்தளத்தில் இந்தக் கவுண்டியைத் தேடிப் பார்த்தேன். 1995 முதல் இதுவரை பல நூறு மில்லியன் டாலர் மத்திய அரசிடமிருந்து வந்திருக்கிறது. அந்தத் தொகையை மக்கள்தொகையால் வகுத்தால் வரும் எண்ணுக்கும், கடைத்தெருவில் நான் பார்ப்பதற்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. இந்தப் பணம் உண்மையில் யாருக்குப் போகிறது, எந்தக் கணக்கின்படி போகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. உணவகத்தில் பேச்சுக் கொடுத்த ஒரு விவசாயி, தான் சோயா மட்டுமே விதைத்த நிலத்துக்கு நெல்லுக்கான தொகை வந்ததாகச் சாதாரணமாகச் சொன்னார். அது எப்படிச் சாத்தியம்?


மறுமொழி: வரிக்கணக்கர்

கிழக்கு ஆர்கன்சாவில் விவசாயக் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே முதலில் அந்த நெல் விவகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும்.

உங்களிடம் பேசியவர் சொன்னது உண்மைதான். அதில் முறைகேடு எதுவும் இல்லை. இப்போதைய முக்கியத் திட்டங்கள் இரண்டு. ஒன்று விலை வீழ்ச்சியை ஈடுசெய்வது, பிஎல்சி என்பார்கள். மற்றது கவுண்டியின் சராசரி வருவாய் குறைந்தால் ஈடுசெய்வது, ஏஆர்சி என்பார்கள். இரண்டுமே 2014-ம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் வந்தவை. இரண்டிலும் தொகையைத் தீர்மானிப்பது இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள் என்பதன்று, அந்த நிலத்துக்கு எத்தனை 'பேஸ் ஏக்கர்' பதிவாகியிருக்கிறது என்பதே. பேஸ் ஏக்கர் என்பது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சாகுபடியைக் கொண்டு நிலத்தின் பேரில் எழுதிவைத்த கணக்கு. 2002-ல், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளின் சாகுபடியைக் காட்டி அதைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தந்தார்கள். 2014-ல் பயிர்களுக்கிடையே மாற்றிப் பிரித்துக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. நிலத்தை விற்றால் பேஸ் ஏக்கரும் நிலத்தோடு சேர்ந்து கைமாறும். அப்பா காலத்தில் நெல் விளைந்த வயலில் மகன் சோயா போட்டாலும், நெல் விலை சரிந்த ஆண்டில் நெல்லுக்கான தொகை அவருக்கு வந்து சேரும்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். நீள்மணி நெல்லுக்கு 2018 சட்டப்படி ஆதார விலை நூறு பவுண்டுக்கு 14 டாலர். அந்தப் பருவத்தின் தேசியச் சராசரி விலை 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2 டாலர். ஒருவரிடம் 1,000 நெல் பேஸ் ஏக்கர் இருக்கிறது. அவருடைய பதிவேட்டு விளைச்சல் ஏக்கருக்கு 60 நூறுபவுண்டு. பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் கொடுப்பார்கள் என்பதால் 850 ஏக்கர் கணக்கில் வரும். 850-ஐ 60-ஆல் பெருக்கினால் 51,000; அதை 2 டாலரால் பெருக்கினால் 1,02,000 டாலர். பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பேரில் 5.7 சதவீதம் பிடித்தம் போக, கையில் 96,186 டாலர் கிடைக்கும். அந்த ஆண்டில் அந்த வயலில் ஒரு நெல்மணிகூட விளைந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் இந்த ஆதார விலைகளை உயர்த்திவிட்டது. நீள்மணி நெல்லுக்கு 14 டாலர் 16.90 ஆனது, சோயாவுக்கு புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவை) 8.40 டாலர் 10 ஆனது, மக்காச்சோளத்துக்கு 3.70 டாலர் 4.10 ஆனது. மேலே சொன்ன அதே நிலத்தை, அதே 12 டாலர் சந்தை விலையில் மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். வித்தியாசம் 4.90 டாலராகிறது, தொகை 2,49,900 டாலரைத் தொடுகிறது. இந்த இடத்தில்தான் நபர்வாரி உச்சவரம்பு குறுக்கே வருகிறது. அது முன்பு 1,25,000 டாலராக இருந்தது. புதிய சட்டம் 1,55,000 ஆக்கிவிட்டது. கணவனும் மனைவியும் தனித்தனி நபர்கள் என்பதால் ஒரு குடும்பத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. சகோதரர்கள், வளர்ந்த பிள்ளைகள், 2018 சட்டத்துக்குப் பிறகு ஒன்றுவிட்ட சகோதரர்களும் சகோதர சகோதரிகளின் பிள்ளைகளும்கூட, ஒரே கூட்டுப் பங்காண்மையில் சேர்ந்து, விவசாயத்தில் ஈடுபட்டிருப்பதாகக் காட்ட முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு உண்டு. சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டியவர்களுக்குத் தொகை கிடையாது என்றொரு விதியும் இருக்கிறது. ஆனால் விவசாயச் செலவுகள், இயந்திரத் தேய்மானம் எல்லாம் கழிந்த பிறகு அந்த எல்லையைத் தாண்டுகிறவர்கள் இங்கே அபூர்வம் என்பதை என் மேசையிலிருந்தே சொல்ல முடியும்.

இந்தப் பங்காண்மைக் கலை நேற்று பிறந்ததன்று. 1980-களில் உச்சவரம்பு 50,000 டாலராக இருந்தபோது, ஒரு பண்ணையைப் பல கம்பெனிகளாகக் கிளை கிளையாகப் பிரித்து வரைந்த படத்துக்கு இந்தப் பகுதியில் 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர். ஒருவர் மூன்று நிறுவனங்களுக்குமேல் பங்கு காட்டித் தொகை பெறக்கூடாது என்று 1987-ல் கட்டுப்படுத்தினார்கள். நிறுவனத்துக்குப் போகும் ஒவ்வொரு டாலரையும் அதன் பின்னால் இருக்கும் ஆளின் கணக்கில் எழுத வேண்டும் என்று 2008-ல் மாற்றினார்கள். படம் எளிமையானது, பழக்கம் மட்டும் போகவில்லை.

நீங்கள் தேடிய தரவுத்தளத்தில் மானியம் பெற்றவர்களின் பட்டியலை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை. நாடு முழுவதற்குமான பட்டியலின் உச்சியில் ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரைச் சேர்ந்த ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ் இருப்பதைப் பார்த்துப் பலரும் திடுக்கிடுவார்கள். அது விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு. உறுப்பினர்களின் நெல்லுக்கான கடன் சலுகைத் தொகை அதன் வழியாக வந்து உறுப்பினர்களுக்குப் பிரிந்துபோனதால் மொத்தமும் அதன் பெயரில் பதிவானது.


மறுமொழி: கடன்பிரிவு

முந்தைய மறுமொழியில் சொன்ன கணக்கில் பிழை ஏதும் இல்லை. இருந்தாலும் அதை மட்டும் வாசிப்பவர்கள், பணம் சும்மா வந்து மடியில் விழுகிறது என்று எண்ணிவிடக்கூடும். நான் விவசாயக் கடன் வழங்கும் துறையில் இருக்கிறேன். ஆகவே மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை.

2023-ல் அறுவடையான நெல்லுக்கு விற்பனைப் பருவம் முடிவது 2024 ஜூலை இறுதியில். பிஎல்சி தொகை வருவதானால் அது கைக்குக் கிடைப்பது 2024 அக்டோபரில்தான். அதாவது விலை சரிந்து அடிபட்டவர், இன்னொரு பயிரையும் கடனில் விதைத்து அறுவடை செய்து முடிக்கும் தறுவாயில்தான் முந்தைய ஆண்டின் ஈட்டுத்தொகையைப் பார்க்கிறார். விதை, உரம், களைக்கொல்லி, கிணற்று மோட்டாருக்கு டீசல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கடன் எடுத்தாக வேண்டும். புதிய அறுவடை இயந்திரம் ஒன்றின் விலை அரை மில்லியன் டாலருக்கு மேல். பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே ஒரு லட்சம் டாலர் என்று பார்க்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். அவருடைய ஓராண்டுச் சாகுபடிக் கடன் ஒரு மில்லியனைத் தாண்டியிருக்கும் என்பது பட்டியலில் தெரியாது.

மேலும், அரசு தானே உண்டாக்கிய சேதத்துக்கு ஈடாகக் கொடுத்த பணமும் இந்த மொத்தத்தில் கலந்திருக்கிறது. 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டபோது, ஹெலினா துறைமுகத்திலிருந்து படகுகளில் நியூ ஆர்லியன்சுக்குப் போகும் சோயாவின் விலை உடனே விழுந்தது. அதற்காக வந்த சந்தை உதவித் திட்டத்தில் சோயாவுக்கு புஷலுக்கு 1.65 டாலர் கொடுத்தார்கள். மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட்! அடுத்த ஆண்டு பயிர்வாரிக் கணக்கை விட்டுவிட்டு, கவுண்டிக்குக் கவுண்டி ஒரு விகிதம் நிர்ணயித்து, ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து நாடு முழுவதும் சுமார் 23 பில்லியன் டாலர். பின்னர் கொரோனாக் கால உதவி வந்தது. அதன் பிறகு 2024 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் பயிர் நட்டத்துக்கென்று 10 பில்லியன் ஒதுக்கி, நெல்லுக்கு ஏக்கருக்கு 76.94 டாலர், பருத்திக்கு 84.74, சோயாவுக்கு 29.76 என்று 2024-ல் உண்மையில் விதைத்த பரப்புக்குக் கொடுத்தார்கள். ஆகவே பேஸ் ஏக்கர் மட்டுமே கதை என்று முடித்துவிடக் கூடாது. சமீப ஆண்டுகளில் பெரும்பணம் இப்படித் திடீரென்று அறிவிக்கப்படும் திட்டங்களில்தான் வந்தது. எந்த ஆண்டில் வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத பணத்தை நம்பி வங்கியும் கடன் எழுத முடியாது. விவசாயியும் திட்டமிட முடியாது.

ஊர் ஏன் செழிக்கவில்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இது வறுமை ஒழிப்புத் திட்டமே அன்று. ஆயிரம் ஏக்கருக்கு இன்று ஓரிரு ஆட்கள் போதும். விவசாயிக்குப் போகும் பணம் விதைக் கம்பெனிக்கும் இயந்திர விற்பனையாளருக்கும் உரக்கடைக்கும் வங்கிக்கும் போகிறது. அவற்றில் பல இந்தக் கவுண்டியில் இல்லை. 1973 முதல் உணவு உதவித் திட்டமும் இதே விவசாயச் சட்டத்துக்குள் தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அதற்கே போகிறது. செர்ரி வீதியில் நீங்கள் பார்த்த மக்களுக்கு அந்தச் சட்டம் மளிகைக்கடை அட்டையாக வந்து சேர்கிறது, வயல்காரருக்கு அக்டோபர் மாதத் தொகையாக. 2025 சட்டம் ஆதார விலையை உயர்த்திய அதே கையால் உணவு உதவியைக் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். விவசாயிகள் பக்கம் நின்று பேசுகிற எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.


மறுமொழி: மெம்ஃபிஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், எத்தனை பேர் குத்தகைக்காரர்கள் என்று தெரியவில்லை. குத்தகைக்கு விட்ட நிலத்தில் மானியம் யாருக்குச் சேரும்? பெரும்பான்மை கறுப்பின மக்கள் வாழும் ஒரு கவுண்டியில், நான் வயல்களில் பார்த்த விவசாயிகள் பெரும்பாலும் வெள்ளையர்களாகவே இருக்கக் காரணம் என்ன? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?


மறுமொழி: செம்புலம்

இரண்டும் ஒரே கேள்விதான். வேளாண் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் இன்றைய நிலை. ரொக்கக் குத்தகையானால் மானியம் முழுவதும் குத்தகைக்காரருக்கு என்பது விதி. விளைச்சலில் பங்கு என்றால், அதாவது வாரம் என்றால், அந்தப் பங்கின்படியே மானியமும் பிரியும். டெல்டா எனப்படும் இந்த மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் நில உரிமையாளருக்கு நாலில் ஒரு பங்கு என்ற வார முறை பரவலாக உண்டு. ஆகவே மானியத்திலும் கால்பங்கு அவருக்கு. ரொக்கக் குத்தகையில் உரிமையாளருக்கு ஒன்றுமில்லை என்று காகிதம் சொல்லும். ஆனால் மானியம் வரும் நிலத்துக்குக் குத்தகைத் தொகையும் உயரும் அல்லவா? கூடுதலாக வரும் மானிய டாலரில் ஏறத்தாழ கால்பங்கு குத்தகை உயர்வாக நிலச் சொந்தக்காரரிடம் போய்ச் சேருகிறது என்று பொருளியல் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. 2014-ல் வேளாண் துறை நடத்திய கணக்கெடுப்பின்படி நாட்டின் பண்ணை நிலத்தில் 39 சதவீதம் குத்தகையில் இருந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, தாமே விவசாயம் செய்யாதவர்களுக்குச் சொந்தம். பிலிப்ஸ் கவுண்டி நிலத்தின் குத்தகைப் பணம் மெம்ஃபிசிலோ டாலஸிலோ இருக்கும் ஒரு வாரிசின் கணக்கில் ஏறினால், அது எந்த மானியப் பட்டியலிலும் தென்படாது.

இனி இரண்டாவது பகுதி. 1919 செப்டம்பர் கடைசி இரவு, இதே பிலிப்ஸ் கவுண்டியின் தென்பகுதியில், எலேன் என்ற சிற்றூருக்கு அருகே ஹூப் ஸ்பர் என்ற இடத்தில், கறுப்பின வாரக் குடியானவர்கள் ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். தங்கள் பருத்திக்கு நியாயமான கணக்கு வேண்டும், விற்ற விலையைக் காட்டாமல் பண்ணையார் பற்று எழுதிக்கொண்டே போவது நிற்க வேண்டும் என்பதற்காகச் சங்கம் சேர்ந்தவர்கள் அவர்கள். அன்றிரவு தொடங்கிய துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து, அக்கம்பக்கக் கவுண்டிகளிலிருந்து வந்த வெள்ளையர் கும்பல்களும் அரசுப் படையும் பல நாட்கள் வேட்டையாடின. இறந்த கறுப்பின மக்களின் எண்ணிக்கை இன்றுவரை உறுதியாகவில்லை. பல மதிப்பீடுகள் நூற்றுக்கும் மேல் என்கின்றன. கொலைக் குற்றம் சுமத்தி மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களோ, பன்னிரண்டு கறுப்பினத்தவர்கள். கும்பலின் மிரட்டலுக்கு இடையில் நடந்த அந்த விசாரணை முறையானதா என்பதை 1923-ல் உச்சநீதிமன்றம் மூர் எதிர் டெம்ப்சி வழக்கில் எடுத்துக்கொண்டது. பின்னர் அவர்கள் விடுதலையானார்கள். ஆனால் கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை அந்தக் கவுண்டி மறக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து மத்திய அரசின் முதல் விவசாய மானியம் வந்தது. 1933-ம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டம், விலையை உயர்த்துவதற்காக வளர்ந்து நின்ற பருத்தியை 1 கோடி ஏக்கருக்கும் மேல் உழுதழிக்கச் செய்து, அதற்கு ஈடாகப் பணம் கொடுத்தது. பணம் பண்ணையாரிடம் போகும். அவர் குடியானவருக்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும். பலர் பழைய பற்றுக்குக் கழித்துக்கொண்டார்கள். பலர் ஒன்றுமே கொடுக்கவில்லை. விதைப்பைக் குறைத்தால்தான் பணம் என்னும்போது குடியானவரே தேவையில்லை அல்லவா? குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். 1934-35 ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு குடியானவர்களை 'இயன்றவரை' வைத்துக்கொள்ளச் சொன்னது. இயன்றவரை என்பதை முடிவு செய்தவரும் பண்ணையாரே. இதை எதிர்த்துத்தான் 1934 ஜூலையில், பிலிப்ஸுக்கு வடக்கே பாய்ன்செட் கவுண்டியின் டைரான்சா ஊரில், 11 வெள்ளையர்களும் 7 கறுப்பினத்தவர்களும் சேர்ந்து தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில், அந்த மண்ணில், இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில்! அவர்கள் பக்கம் நின்று 7-வது பிரிவுக்கு வலுவான பொருள் கொடுக்க முயன்ற ஜெரோம் ஃபிராங்க் முதலான சட்ட அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் வாஷிங்டனில் பதவியிழந்தார்கள்.

மானியப் பணம் பண்ணையாருக்கு டிராக்டர் வாங்க உதவியது. 1944 அக்டோபரில், ஹெலினாவுக்கு ஆற்றின் அக்கரையில் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் தோட்டத்தில், பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் கூட்டத்தின் முன் வேலை செய்து காட்டின. நீங்கள் குறிப்பிட்ட 46,254-லிருந்து 16,568-க்கான சரிவு பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குவதுதான். சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயில் ஏறியவர்கள் அவர்கள். நிலம் இல்லாதவர்கள் போனார்கள். நிலம் இருந்த கறுப்பின விவசாயிகளுக்கு வேறு வகை இடர்ப்பாடு. ஏக்கர் ஒதுக்கீடும் மானியமும் முடிவாகும் கவுண்டிக் குழுக்கள் விவசாயிகளாலேயே தேர்ந்தெடுக்கப்படுபவை. தெற்கில் பல பத்தாண்டுகள் அவை வெள்ளையர் கையில் மட்டுமே இருந்தன. 1960-களின் நடுவில் கறுப்பின மக்களின் சம உரிமை இயக்க இளைஞர்கள் வாக்குரிமைப் போராட்டத்தோடு சேர்த்து இந்தக் குழுத் தேர்தல்களிலும் கறுப்பின வேட்பாளர்களை நிறுத்தியதை, விவசாயம் தெரியாதவர்கள் சின்ன விஷயம் என்று நினைப்பார்கள். எந்தப் பண்ணைக்கு எத்தனை ஏக்கர் பருத்தி என்பது அந்தக் குழுவின் கையில் இருந்தது. அரசுக் கடன் அலுவலகத்திலும் இதே பாகுபாடுதான்; விதைக்கும் பருவத்துக்குக் கடன் ஏப்ரலில் வருமா, ஜூலையில் வருமா என்று காத்திருக்க வேண்டும். ஜூலையில் வந்த கடன் வராததற்குச் சமம்.

1920-ல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் 2022 வேளாண் கணக்கெடுப்பில் 42,000-க்கும் சற்றுக் குறைவு. பாகுபாட்டை எதிர்த்துத் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999-ல் உடன்பாடு ஏற்பட்டது. விடுபட்டவர்களுக்காக 2010-ல் இன்னொரு 1.25 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில், வேளாண் துறையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளான சுமார் 43,000 பேருக்கு ஏறத்தாழ 2 பில்லியன் கொடுத்தார்கள். கொடுத்ததை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் இழந்த நிலம் அதனோடு திரும்பி வராது, அதன் பேஸ் ஏக்கரும் திரும்பாது. இந்தத் தலைமுறைக்கு வரும் மானியத்தை, யார் நிலத்தை இழக்காமல் வைத்திருந்தார் என்ற பழைய கணக்கே இன்றும் தீர்மானிக்கிறது.

இன்னும் ஒன்று. மிஞ்சியிருக்கும் கறுப்பினக் குடும்ப நிலங்களில் பல, பாட்டன் உயில் எழுதாமல் இறந்ததால் பிரிக்கப்படாமல், வாரிசுகள் அனைவர் பேரிலும் கூட்டாகக் கிடக்கின்றன. நம்மூரில் கூட்டுப் பட்டாவில் சிக்கிய நிலத்தை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெளிவான பத்திரம் இல்லாததால் மத்திய வேளாண் துறையின் விவசாயச் சேவை அலுவலகத்தில் பண்ணை எண் வாங்க முடியாதிருந்தது. பண்ணை எண் இல்லாமல் எந்தத் திட்டத்திலும் நுழைய முடியாது. 2018 சட்டம்தான் பத்திரத்துக்குப் பதிலாக வேறு சில ஆவணங்களை ஏற்கச் சொன்னது. அதுவும் போய்க் கேட்பவர்களுக்கே கிடைக்கும்.


மறுமொழி: கடன்பிரிவு

செம்புலம் அவர்களின் வரலாற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேஸ் ஏக்கர் முறையை வைத்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. விதைத்த பயிருக்கே பணம் என்றால் எல்லோரும் மானியம் அதிகமுள்ள பயிரையே விதைப்பார்கள். விளைச்சல் பெருகி விலை மேலும் சரியும். அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்துப் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் வென்றதும், கடைசியில் 2014-ல் அமெரிக்கா 300 மில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டதும் அந்தச் சிக்கலால்தான். பழைய கணக்கை நிலத்தோடு கட்டிவைத்தால் சந்தை கெடாது என்பது வாதம்.


மறுமொழி: செம்புலம்

சந்தை கெடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தர்க்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு டெக்சாஸைப் பாருங்கள். முன்பு நெல் விளைந்த நிலத்தை வீட்டுமனையாகப் பிரித்து விற்ற பிறகும், வீட்டுக்காரர்களின் கொல்லைப்புறப் புல்வெளிக்கு நெல் மானியம் வந்துகொண்டிருந்ததை 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. அந்த நேரடித் தொகைத் திட்டத்தை 2014-ல் ஒழித்தார்கள். பேஸ் ஏக்கரை ஒழிக்கவில்லை. 2025 சட்டமோ மேலும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க வழி செய்திருக்கிறது. அந்தப் புதிய ஏக்கர்களும் அண்மை ஆண்டுகளில் சாகுபடி செய்து காட்டிய நிலங்களுக்கே போகும்.


மறுமொழி: வரிக்கணக்கர்

மெம்ஃபிஸ்வாசி அவர்கள் மேற்கொண்டு தேட விரும்பினால் இரண்டு குறிப்புகள் தருகிறேன்.

விவசாயச் சேவை முகமை தன் பட்டுவாடாக் கோப்புகளை ஆண்டுவாரியாக எக்செல் வடிவில் வெளியிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் பணம் கொடுத்த கவுண்டி அலுவலகம், பெறுபவரின் பெயர், முகவரி, திட்டத்தின் பெயர், தேதி, தொகை ஆகியவை இருக்கும். அலுவலகம் பிலிப்ஸ் என்றிருக்கும் வரிகளை மட்டும் பிரித்து, முகவரியில் உள்ள ஊரைக் கொண்டு மறுபடி தொகுத்துப் பாருங்கள். எவ்வளவு பணம் கவுண்டிக்குள் தங்குகிறது, எவ்வளவு மெம்ஃபிஸுக்கும் லிட்டில் ராக்குக்கும் அதற்கு அப்பாலும் போகிறது என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான், ரொக்கக் குத்தகை வழியாக வெளியேறுவது அதில் அகப்படாது என்று செம்புலம் சொல்லியிருக்கிறார். தொகை வந்த ஆண்டும் பயிர் ஆண்டும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 2024-ன் கோப்பில் இருக்கும் பிஎல்சி, 2023 பயிருக்கானது.

இரண்டாவது, நீங்கள் பார்க்கும் பெயர்ப் பட்டியலில் பயிர்க் காப்பீட்டு மானியம் இருக்காது. விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதத்தை அரசே ஏற்கிறது. அதற்கு நபர்வாரி உச்சவரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. பெரிய பண்ணைக்குப் பெரிய மானியம். யார் எவ்வளவு பெற்றார் என்பதை வெளியிட மத்திய பயிர்க் காப்பீட்டுச் சட்டம் தடைசெய்கிறது. பயிர்க் காப்பீட்டைக் கவனிக்கும் இடர் மேலாண்மை முகமை கவுண்டிவாரி, பயிர்வாரி மொத்தத்தை மட்டும் தரும். அதை எடுத்து உங்கள் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை நீங்கள் முதலில் பார்த்ததைவிடக் கணிசமாக உயரும். பெயர்கள் மட்டும் கிடைக்காது.